விரல் தானாகப் போட்ட எண்

நான் ஓய்வு பெற்ற பிறகு அலுவலகத்திலிருந்து வரும் முதல் போன், ஏதாவது கடவுச்சொல் கேட்டுத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். நடந்தது வேறு. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். நேரில் வந்து பேசினால் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவேன், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். சாதித்த கதைகளைச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது, என் கைப்பழக்கத்தால் ஒரு பெண்ணின் பிழைப்புக்கு நேர்ந்ததைப் பற்றி. இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் திக்கென்றுதான் இருக்கிறது.

முதலில் என் கொழுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் அலுவலகம் அப்போது ஹைதராபாத்தில், ஹப்சிகுடாவில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு உஸ்மானியா பிஸ்கட் வாசனை படியேறி வரும். எல்லாரும் இறங்கிப் போவார்கள், நான் போகமாட்டேன். கணினியில் நிரல் எழுதும் எடிட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் எனக்கு டீகூட வேண்டாம். பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு சொல்லைத் தேடி மவுஸை உருட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும். நானோ நூறு இடத்தில் செய்ய வேண்டிய திருத்தத்தை நாலு விசையில் முடித்துவிட்டு, யாராவது கவனித்தார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். பெரும்பாலும் எல்லாரும் கீழே டீக்கடையில் இருப்பார்கள்.

அந்த வேகத்துக்குக் காரணம் ஸ்னிப்பெட்டுகள். அடிக்கடி எழுத வேண்டிய வரிகளை எடிட்டரில் ஒரு முறை சேமித்து, ஒரு சுருக்கப் பெயர் கொடுத்துவிட்டால் போதும். பிறகு அந்தப் பெயரை அடித்தாலே வரிகள் மொத்தமும் வந்து விழும். என்னிடம் அப்படி ஒரு மூட்டை இருந்தது. அதில் நான் அதிகம் பயன்படுத்தியது, மூன்றெழுத்தில் வரும் தலைப்பகுதி. எந்தப் புது நிரலைத் தொடங்கினாலும் மூன்றெழுத்து அடிப்பேன், பத்து வரிகள் வரும். என் பெயர், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு வேண்டும், கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று வரிசையாகப் போகும். ஏழாவது வரியில் ஒரு தொடக்க எண் இருந்தது.

அந்த ஏழாவது வரியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கணினியிடம் ஒரு சீட்டுக்கட்டைக் கலைக்கச் சொன்னால், நாம் கலைப்பதுபோல அது கலைப்பதில்லை. நாம் கொடுக்கும் ஓர் எண்ணிலிருந்து தொடங்கி, கலைந்ததுபோலத் தெரியும் ஒரு வரிசையைக் கணக்குப் போட்டுத் தருகிறது. அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசைதான் வரும், யார் கேட்டாலும், எந்த ஊரிலிருந்து கேட்டாலும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த எண்ணைப் போடாமல் ஒரு கணக்கை ஓட்டினேன். அறிக்கையில் ஒரு விடை இருந்தது, கூட்டத்தில் திரையில் வேறு விடை வந்தது. வந்திருந்த பெரியவர்கள் முன்னால் கூனிக் குறுகிப்போனேன். இரண்டு முறை ஓட்டி இரண்டு விடை வந்தால் உன்னிடம் விடையே இல்லை என்று அர்த்தம் என்றார் என் மேலதிகாரி. அன்றைக்கே என் முதல் ஸ்கூட்டரின் பதிவெண்ணைத் தொடக்க எண்ணாக வைத்து ஸ்னிப்பெட்டில் சேர்த்தேன். அதன் பிறகு என் கணக்குகள் எவருடைய கணினியிலும் மாறாமல் வந்தன. அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது மல்லாபூருக்கு வருகிறேன். அங்கே சலவைத்தூள் செய்யும் ஒரு தொழிற்சாலை இருந்தது. தூள் நிரப்பும் கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மூச்சுத் தொந்தரவு வருகிறதா என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தினோம். எங்கள் டாக்டர் மேடம்தான் அதற்குத் தலைவர். வாயில் குழாயை வைத்து ஊதச் சொல்லி ஒரு சோதனை, அதன் பிறகு கேள்விகள். இருமல் உண்டா, முன்பு நெஞ்சு நோய்க்கு மருந்து சாப்பிட்டதுண்டா, இப்படி. நிர்வாகத்துக்கு ஒவ்வொருவருடைய பதிலும் போகாது, பெயர் எங்கும் வராது என்று டாக்டர் மேடம் ஒவ்வொருவருக்கும் தெலுங்கிலும் இந்தியிலும் படித்துக் காட்டி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நான் அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. களப்பணி எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு நாள் போனேன். அங்கேதான் ஜோதியைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். ஆரணிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், இவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஹைதராபாத். நான் போனில் என் தங்கையிடம் பேசியதைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க தமிழா அக்கா? அப்ப நீங்களே கேளுங்க. அவங்ககிட்ட நக்கோ, வேணாம்."

களப்பணியாளர் சிரித்துக்கொண்டே தாளை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். மருந்துக் கேள்வி வந்தபோது ஜோதி கூடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். மூன்று வருடத்துக்கு முன்பு அவளுக்குக் காசநோய் வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு, சரியாகிவிட்டது. தொழிற்சாலையில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் தூள் கூடத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். அவள் புருஷனுக்கு வேலை நிலையாக இல்லை, இரண்டு குழந்தைகள். இதை எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டாள். எழுதினால்தான் கணக்கு சரியாக வரும், உன் பெயர் வெளியே போகாது, அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பொய் சொல்லவில்லை. பெயர்களை எடுத்துவிட்டு எண் போடும் நிரலை எழுத வேண்டியவள் நான்தான்.

எழுதினேன். மிகச் சின்ன நிரல், அரை மணி நேர வேலை. தொழிற்சாலை அகரவரிசையில் கொடுத்த பெயர்ப் பட்டியலை வாங்கி, கலைத்து, கலைந்த வரிசையில் ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்து, பெயர்களை அழிக்க வேண்டும். புதுக் கோப்பைத் திறந்ததும் வழக்கம்போல மூன்றெழுத்து அடித்தேன். பத்து வரிகள் வந்து விழுந்தன. அவற்றை நான் படிக்கவில்லை. வாசற்படியைப் பார்த்துப் பார்த்தா வீட்டுக்குள் நுழைகிறோம்?

ஆய்வு முடிந்தது. எங்கள் கணக்கை மற்றவர்களும் சரிபார்க்க வேண்டும் என்பதால் பெயரில்லாத அட்டவணையையும், எல்லா நிரல்களையும் இணையத்தில் பொதுவில் வைத்தோம். அப்படி வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தவளும் நான்தான். ஒரு நிரலைக்கூட விடவில்லை. இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. புனேயில் யாரோ ஓர் ஆராய்ச்சியாளர், முன்பின் தெரியாதவர். உங்கள் நிரல்கள் எங்களிடமும் அச்சு அசலாக அதே விடையைத் தருகின்றன, பாராட்டுகள் என்று தொடங்கியிருந்தார். எனக்கு வாயெல்லாம் பல். அடுத்த வரியில், பெயர்களைக் கலைக்கும் நிரலும் அதேபோலத்தான் ஓடுகிறது, பெயர்ப் பட்டியலை வைத்திருப்பவர் கையில் அது என்ன தரும் என்று யோசித்தீர்களா என்று கேட்டிருந்தார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் காது அடைத்துவிட்டது. கீழே பேக்கரியில் தட்டுகளை இறக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. பெயர்ப் பட்டியலை வைத்திருப்பது யார்? எங்களுக்கு அதைக் கொடுத்த தொழிற்சாலை. டாக்டர் மேடத்தின் பூட்டிய அலமாரியிலிருந்து பட்டியலை வாங்கி, இந்த ஆய்வுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கணினியில், பொதுவில் இருந்த நிரலை இறக்கி ஓட்டினேன். மூச்சு விடும் நேரத்தில் முடிந்தது. எல்லாப் பெயர்களுக்கும் பக்கத்தில் எங்கள் எண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஜோதியின் பெயரைத் தேடினேன். நூற்று நாற்பத்தேழு. அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேரே, முன்பு காசநோய் சிகிச்சை, ஆம்.

அட்டவணையையும் நிரலையும் உடனே பொதுவிலிருந்து எடுத்தேன். எத்தனை முறை இறக்கப்பட்டிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது, யார் இறக்கினார்கள் என்பது தெரியவில்லை.

அன்று மத்தியானம் எங்கள் அலுவலக இயக்குநர் அறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். டாக்டர் மேடம் உடனே போய்த் தொழிலாளர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றார். வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டது அவர். இயக்குநர் கூடாது என்றார். தொழிற்சாலைக்கு இந்த விஷயம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, நாம் போய்ச் சொன்னால்தான் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியவரும், கோப்பை எடுத்தாகிவிட்டது, பேசாமல் இருப்பதுதான் அந்த மக்களுக்குப் பாதுகாப்பு என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் இயக்குநர் பக்கம் பேசினேன். நன்றாகவே பேசினேன். யார் ஒரு நிரலை இறக்கி, அதற்கு வேண்டிய மென்பொருளை எல்லாம் நிறுவி, ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே உள்ளே ஏதோ உறுத்தியது. ஏனென்றால் எந்தப் புது ஆளும் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் நிறுவி ஓட்டும்படி அதைச் செய்துவைத்தவளே நான்தான். அதைப் பற்றி ஒரு மாநாட்டில் பேசிக் கைதட்டலும் வாங்கியிருந்தேன். அதை அந்த அறையில் மறைத்துவிட்டேன். டாக்டர் மேடம் எழுந்து போய்விட்டார்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்னிப்பெட் விழுந்தது கைத்தவறு. அந்த அறையில் நான் பேசியது கைத்தவறு இல்லை. நெருக்கடியில் ஒரு வாதம் பிறருக்கும் நல்லது, நமக்கும் சௌகரியம் என்று இரண்டு பக்கமும் அழகாகப் பொருந்தி வந்தால் அதை நம்பாதீர்கள். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர்களுடைய பாதுகாப்பைப் பேசினேன், அவ்வளவுதான்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், ஊதும் கருவியின் குழாய்கள் சில அங்கேயே தங்கிவிட்டன, வாங்கி வருகிறேன் என்று சாக்குச் சொல்லி மல்லாபூருக்கு ஆட்டோ பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டால் போதும், நிம்மதியாகத் திரும்பிவிடலாம் என்பதுதான் எண்ணம். தூள் கூடத்தில் ஜோதி இல்லை. பின்பக்கம் தண்ணீர்க் குழாயடியில் காலி பீப்பாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

"அக்கா, நூத்தி நாப்பத்தேழு நான்தானே?"

அவளுக்கு அந்த எண் தெரிந்திருக்க வழியே இல்லை. நாங்கள் யாருக்கும் அவரவர் எண்ணைச் சொல்லவில்லை. எனக்கே மூன்று நாள் முன்புதான் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டேன். சூப்பர்வைசர் மேஜையில் ஒரு தாள் இருந்ததாம், எல்லார் பெயரும் பக்கத்தில் ஒரு நம்பரும். சில பெயர்களுக்குச் சிவப்பு மையில் வட்டம். அவள் பெயருக்கும் வட்டம், பக்கத்தில் டி.பி. என்று எழுதியிருந்ததாம். மறுநாளிலிருந்து பீப்பாய் கழுவச் சொல்லிவிட்டார்களாம். மாசக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது, இனி வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இவையெல்லாம் நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதாவது, தொழிற்சாலைக்குத் தெரியாது என்று நான் இயக்குநர் அறையில் அடித்துப் பேசியபோது அந்தத் தாள் ஏற்கெனவே அச்சாகி இருந்தது.

"உங்க ஒருத்தர்கிட்டதான் அக்கா சொன்னேன். எங்க மாமியாருக்குக்கூடத் தெரியாது. கைக்கு? ஏன் இப்படி ஆச்சு?"

நான் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். பிறகு அது எப்படி நடந்தது என்பதைப் பீப்பாய்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, எனக்குத் தெரிந்த மிக எளிய சொற்களில் சொன்னேன். சீட்டைக் கலைத்தது நான், ஆனால் எப்படிக் கலைத்தேன் என்று ஊருக்கே எழுதி வைத்துவிட்டேன், அதனால் அவர்களும் அதேபோலக் கலைத்துப் பார்த்துவிட்டார்கள். தப்பு என்னுடையது. அவள் பொறுமையாகக் கேட்டாள். அழவில்லை, திட்டவில்லை. வேலை மட்டும் போகாமல் இருந்தால் போதும் என்றாள்.

நேராக டாக்டர் மேடத்திடம் போனேன். அவர் என்னை ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. இரண்டு பேரும் இயக்குநரிடம் போய், நீங்கள் ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் நாளைக்குப் போகிறோம் என்றோம். மறுநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் தொழிற்சாலை வாசலுக்கு வெளியே நின்று, வந்தவர்களிடமும் போனவர்களிடமும் நடந்ததைச் சொன்னோம். டாக்டர் மேடம் தெலுங்கில் சொன்னார், நான் என் ஓட்டை இந்தியில் சொன்னேன். யாரும் எங்களை அடிக்க வரவில்லை. அடித்திருந்தால்கூட எனக்குத் தேவலை என்றிருந்திருக்கும். ஒருவர் மட்டும், படித்தவங்கதானே நீங்க என்று கேட்டுவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

நிர்வாகம் அப்படி ஒரு தாளே கிடையாது என்று சாதித்தது. ஆனால் டாக்டர் மேடம் தொழிலாளர் துறை வரைக்கும் எழுதப் போகிறேன் என்று எழுத்திலேயே கொடுத்ததும், ஒப்பந்தம் எல்லாருக்கும் புதுப்பிக்கப்பட்டது. ஜோதி திரும்பவும் தூள் கூடத்துக்குப் போனாள். எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதி வரவில்லை, ஏனென்றால் அந்தத் தாளைச் சூப்பர்வைசர் மட்டும் பார்த்திருக்கவில்லை. கேன்டீனில் அவளுடைய டம்ளரைத் தனியாக வைக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நோய் தீர்ந்து மூன்று வருடமாகிறது, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் மேடம் போய்ச் சொல்லிப் பார்த்தார். தலையாட்டினார்களாம். டம்ளர் தனியாகவேதான் இருந்ததாம்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஏழாவது வரியை ஸ்னிப்பெட்டிலிருந்து நீக்கினேன். தொடக்க எண் வேண்டிய இடத்தில் ஒவ்வொரு முறையும் கையால் அடித்தேன், ஓய்வு பெறும் வரைக்கும். மாறாமல் வர வேண்டியது கணக்கு. ஆளை மறைக்கும் கலைப்பு ஒரு முறைதான் நடக்க வேண்டும், அதற்குத் தடயம் மிஞ்சக் கூடாது. இரண்டும் ஒரே எடிட்டரில், ஒரே விரலால் எழுதப்படுகின்றன என்பதுதான் பயங்கரம். நீங்கள் இப்போது பயன்படுத்தும் எடிட்டர்கள் பத்து வரி என்ன, பக்கம் பக்கமாகத் தாமே எழுதிக் கொடுக்கின்றன என்று சொல்கிறார்கள். நீங்கள் அடிக்காத வரிக்கும் கையெழுத்து உங்களுடையதுதான்.

ஒரு வருடம் கழித்து அதே தொழிற்சாலையில் மறு கணக்கெடுப்பு வந்தது. இந்த முறை எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். எண்களைக் கலைத்த வழியை யாராலும் திரும்ப எடுக்க முடியாது, என்னாலும் முடியாது. மூன்று பேரை விட்டு உடைத்துப் பார்க்கச் சொன்னேன், உடையவில்லை. அந்த நாளில் நானே மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய்க் கூடத்தின் ஓரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து, பதில்களை எடிட்டரில் நேராக ஏற்றினேன்.

முதலில் வந்தவர் இருமிக்கொண்டே உட்கார்ந்தார். இருமல் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். மூச்சு வாங்குமா? இல்லை. மருந்து? இல்லை. அடுத்தவர், அவருக்கு அடுத்தவர். ஊதும் சோதனையில் முக்கால்வாசிப் பேருக்கு முன்னைவிட மோசமாக வந்தது, பதில் மட்டும் எல்லாருக்கும் இல்லை என்றே வந்தது. நான் கொடுத்த புதுக் காகிதத்தை, புது வாக்குறுதியை, எல்லாரும் மரியாதையாக வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். எத்தனை பேரைக் கேட்டாலும் ஒரே விடை. என் வாழ்நாளில் எந்தக் கணக்கும் இவ்வளவு பிசகாமல் வந்ததில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு ஜோதி வந்தாள். முகம் இளைத்திருந்தது. எப்படி இருக்கிறாய், குழந்தைகள் எப்படி என்று கேட்டேன். நல்லா இருக்காங்க என்றாள். நான் கேள்விகளைப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தாள். முன்பு நெஞ்சு நோய்க்கு மருந்து சாப்பிட்டதுண்டா என்ற இடம் வந்ததும் படிக்காமல் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினேன். கேள்வியைத் திரையில் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"இல்லைன்னு எழுதிக்கங்க மேடம்."

எடிட்டர் காலையிலிருந்து அதே சொல்லை வாங்கி வாங்கிப் பழகியிருந்தது. நான் முதல் எழுத்தை அடித்தேன், மிச்சத்தை அதுவே போட்டுக்கொண்டது.